பெடலில் ஒரு நடுக்கம்

அக்டோபர் 7, செவ்வாய்

சேலம் போய் வந்தோம். மலை இறங்கி, இவருடைய பிசியோதெரபி முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்து, மறுபடி மலை ஏறி வீடு வந்து சேரும்போது இடுப்பு விட்டுப்போனது. காலையில் ஊறவைத்த துணி அப்படியே கிடந்தது. துவைத்துப் போட்டேன். ஏற்காட்டில் இந்த மாதத்தில் எங்கே காயப்போகிறது.

இவர் போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. அங்கிருக்கும் பெண் வலது காலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார், இறக்கச் சொன்னால் இறக்குகிறார். வீட்டில் ஒரு பயிற்சியும் செய்வதில்லை என்று நான்தான் போட்டுக்கொடுத்தேன். இனிமேல் இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன ஆகவேண்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

போன வருஷம் பக்கவாதம் வந்து படுத்தபோதுகூட இப்படிப் பேசியதில்லை. அப்போது பிடிவாதமாக எழுந்து சுவரைப் பிடித்து நடந்தார். நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டதும், ஐம்பத்து மூன்று வயதில் கார் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். இந்த ஜூலையில் டாக்டரே சோதித்துப் பார்த்து, பக்கத்தில் எங்காவது போவதானால் நீங்களே ஓட்டலாம் என்று இவருக்குச் சொன்னார். கொஞ்ச நாள்தான் ஓட்டினார். ஆகஸ்ட் கடைசியில், எங்கள் தெரு இறங்கி முடிகிற டீக்கடை வளைவில், கார் நிற்காமல் மெல்லப் போய் பெஞ்சில் இடித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதையனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாதையன் ஏணி வைத்து மரமேறி மிளகு பறிக்கிற ஆள்.

பிரேக்கை மிதித்தேன், பெடல் காலுக்கடியில் நடுங்கியது, வண்டி வழுக்கிக்கொண்டு போய்விட்டது என்று இவர் எல்லோரிடமும் சொன்னார். மெக்கானிக் சவரி காரைப் பார்த்துவிட்டு பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றான். நடுங்கியது பெடலா, காலா என்று டீக்கடையில் யாரோ கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அது இவர் காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து கார் சாவி என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

பால் தீர்ந்துவிட்டது. காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். பனி அதிகம், அதனால் வர நேரமாகிவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

கயல் பெங்களூரிலிருந்து பேசினாள். பதினாறு வருஷத்து வண்டியை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள், விற்றுவிடுங்கள் என்கிறாள். அப்பாவை சேலத்துக்கு யார் கூட்டிப்போவது என்றேன். டாக்ஸி வைத்துக்கொள் என்றாள். மற்ற வேலைக்கு என்றேன். மற்ற வேலை என்ன இருக்கிறது உனக்கு என்றாள். காய்கறி வாங்க என்றேன். அவள் சிரித்தாள்.

இவர் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருஷம் காபி எஸ்டேட்டை மேனேஜராக இருந்து நடத்திய மனிதர். இப்போது டிவியின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்கிறார்.

அக்டோபர் 15, புதன்

கொத்தமல்லி வாங்கப் போனேன். திரும்பி வரும்போது ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்ததும் பாதத்துக்கு அடியில் கர்ரென்று ஏதோ அதிர்ந்தது. வண்டி ஒரு முழம் தள்ளிப்போய் நின்றது. ஆடுகள் தப்பித்தன.

ரோடு ஈரமாக இருந்தது. அதனால்தான் இருக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றும் அப்படியே. இன்று ரோடு காய்ந்துதான் இருந்தது. என் செருப்பின் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாக எதையாவது நினைத்துக்கொண்டு கிடப்பார். தோசைக்கு அரைத்து வைத்தேன். மேல் அலமாரியில் எறும்பு, எல்லா டப்பாவையும் இறக்கித் துடைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கயல் வந்திருக்கிறாள். விடிவதற்கு முன்பே எழுந்து எண்ணெய் காய்ச்சி, பலகாரத்தை முடித்து, பத்து மணிக்கே எனக்குக் கண் சொருகியது.

சாப்பிடும்போது மறுபடி வண்டிப் பேச்சை எடுத்தாள். இவர் எப்போதும்போல், அன்று பிரேக் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தார். அவள் கையைக் கழுவாமலே எழுந்து நின்றாள்.

"அப்பா, போதும்ப்பா. சவரி அண்ணன் செக் பண்ணியாச்சு. அம்மா தினமும் அதே வண்டியதான் ஓட்றாங்க, அவங்களுக்கு எதாவது ஆச்சா? உங்க கால் பண்ணினதுக்கு வண்டிய சொல்லாதீங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் ரசம் கொண்டுவர உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது, வித்துடுங்க என்று சொல்லிவிட்டு இலையை மடித்திருந்தார். சோறு பாதி இருந்தது.

அக்டோபர் 22, புதன்

கயல் கிளம்பிவிட்டாள். சேலத்தில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். வழியில் இரண்டு முறை அதே அதிர்வு.

புதுச் செருப்பு வாங்கியாகிவிட்டது.

அக்டோபர் 25, சனி

இவர் இரண்டு நாளாகச் சவரம் செய்துகொள்ளவில்லை. குளிக்க எழுப்பினால் அப்புறம் என்கிறார். ஷேவிங் செட்டை எடுத்து முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிட்டார். என்னால் எத்தனை தடவைதான் கெஞ்ச முடியும்.

தக்காளி வாங்கப் போய் வந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

எழுதிவிட்டுப் படுக்கவேண்டும்.

சேலத்திலிருந்து திரும்பும்போது நல்ல மழை. டீக்கடை வளைவுக்கு வந்தபோது, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. நான் வேகமாக வரவில்லை, நடக்கிற வேகம்தான். மிதித்தேன். கர்ரென்று அதே அதிர்வு. பெடல் என் காலையே திருப்பித் தள்ளியது. வண்டி நிற்கவில்லை. குடையின் பூப்போட்ட துணி கண்ணாடிக்கு முன்னால் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நின்றது. அந்தப் பெண் கையை நீட்டி பானெட்டின்மேல் வைத்தபடி எங்களைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தச் சத்தம்தான்" என்றார்.

ஹேண்ட்பிரேக்கை மெல்ல இறக்கினேன்.

"இந்தச் சத்தம்தான் அன்னைக்கும் கேட்டுச்சு. உனக்கு இதுதான் முதல் தடவையா?"

"ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன். இவர் தானாகவே போய்க் குளித்தார்.

அக்டோபர் 29, புதன்

சவரிக்கு இவரே போன் செய்தார். மாதக்கணக்கில் யாருக்கும் போன் செய்யாதவர். வெள்ளிக்கிழமை வருகிறானாம்.

அதுவரை யாரும் வண்டியை எடுக்க வேண்டாம் என்றார். சரி என்றேன். மதியம் ஒரு நாள் முழுக்க நடந்தவள்போல அலுப்பு. வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

சவரி சேலத்தில் யாரிடமோ ஸ்கேனர் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகிப் பார்த்தான். வண்டியின் நினைவில் ஒரு கோளாறும் பதிவாகவில்லையாம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸின் விளக்கும் டேஷ்போர்டில் எரியவில்லை. நல்ல வேகத்தில் ரோட்டைச் சுற்றிவந்து சடக்கென்று மிதித்துப் பார்த்தான். சரியாக நின்றது. மறுபடி போனான், மறுபடியும் நின்றது.

இவர் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சவரி இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, மழையில் மேடம் பயந்திருப்பாங்க, பழைய வண்டி கொஞ்சம் அப்படி இப்படித்தான் சத்தம் போடும் என்றான். சொல்லும்போது அவன் கண் இவர் காலுக்குப் போய்விட்டு வந்தது. இவரும் அதைப் பார்த்துவிட்டார். கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்த நடையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"வேகமா போய் மிதிச்சா வராது சவரி" என்றேன். "மெதுவா வரணும். வண்டி நிக்கப்போற நேரத்துல லேசா மிதிக்கணும். அப்பதான் வரும்."

"எத்தன தடவ வந்துச்சுங்க மேடம்?"

"நிறைய. தீபாவளிக்கு முன்னாடியிருந்தே."

இவர் நின்றார். திரும்பவில்லை. பிறகு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னபடி சவரி மெதுவாக ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது முறை வந்தது. கார் கண்ணாடியை இறக்கி வைத்திருந்ததால் எனக்கும் சத்தம் கேட்டது. அவன் முகம் மாறியது. பானெட்டைத் திறந்து ஏபிஎஸ்ஸுக்குரிய ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் அதேபோல் மிதித்தான். நடுக்கமும் இல்லை, சத்தமும் இல்லை. வண்டி நின்றது. எத்தனை முறை மிதித்தாலும் நின்றது. ஃபியூஸைத் திரும்பச் செருகினால் வழுக்கியது.

பிறகு ஸ்கேனரைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நாலு சக்கரத்தின் வேகத்தையும் வாசித்தேன். மூன்று எண்கள் சேர்ந்து இறங்கின. முன்பக்கம் இடது சக்கரத்து எண் மட்டும் நடுநடுவே பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது.

சக்கரத்தைக் கழற்றினான். அச்சைச் சுற்றிப் பல் பல்லாக ஒரு இரும்பு வளையம். அது சுற்றுவதை வைத்துத்தான் சக்கரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சென்சார் கண்டுபிடிக்குமாம். துரு உப்பி அந்த வளையம் ஓரிடத்தில் விரிந்து பிளந்திருந்தது. அந்தப் பிளவு சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் சக்கரம் பூட்டிக்கொண்டதாக நினைத்து ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிடுகிறது. நாம் மிதிக்க, அது விட, நாம் மிதிக்க, அது விட. அதுதான் நடுக்கம். வேகத்தில் போகும்போது அந்த இடைவெளி அதற்குப் பிடிபடுவதில்லை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். வந்தார். குனிந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"அன்னைக்கே பாத்திருக்கலாமே சவரி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பிரேக் பேடும் ஆயிலும்தான் பார்த்ததாகச் சவரி ஒப்புக்கொண்டான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுப் போனான்.

நவம்பர் 1, சனி

குழம்பில் உப்பு தூக்கல் என்றார். நாள் முழுக்கப் பேசியது அவ்வளவுதான்.

நவம்பர் 3, திங்கள்

மாலை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். ஈர ரோடு, செருப்பு, உங்கள் மனசு கஷ்டப்படும் என்று. அதையெல்லாம் எடுத்துச் சொல்லத் தெம்பு இல்லை.

"சொன்னா சாவிய திரும்பக் கேப்பீங்க."

"சாவிய வச்சுட்டு நீ எங்க போற?"

"எங்கயும் போறதில்ல. கோயில் ரோட்டு வளைவுல ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அங்க யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

இவர் டிவியை நிறுத்தினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கத்தியைக் கீழே வைத்தேன். டிவியை மறுபடி போட்டார். பீன்ஸ் பொரியல் செய்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவருக்கு நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இன்று ரொம்பக் களைப்பாக இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

நவம்பர் 6, வியாழன்

புது வளையம் வந்து மாட்டியாகிவிட்டது. சவரியும் இவரும் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். இவர்தான் ஓட்டினார். டீக்கடை முன்னால் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி எடுத்தாராம். கழற்றிப் போட்ட பழைய வளையத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாதையன் வீட்டுக்குப் போகவேண்டும், நீயும் வா என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவராகப் பேசிய முதல் வார்த்தை.

நவம்பர் 9, ஞாயிறு

மாதையன் வீடு கிளைரோட்டில், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கடைசி. ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகு இன்றுதான் பார்க்கிறோம். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் சூம்பிப்போயிருக்கிறது, முழங்கால் மடங்கவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் இவரைப் பார்த்ததும் எழப் பார்த்தார். அவர் மனைவி தோளை அழுத்தி உட்காரவைத்தாள். எங்களுக்கு நாற்காலி போட்டாள், வாங்க என்று சொல்லவில்லை.

இவர் உட்கார்ந்ததும் துணியைப் பிரித்து வளையத்தைக் காட்டினார். சென்சார், துரு, பிளவு என்று சவரி சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை நாளாக என் பேச்சை யாரும் நம்பவில்லை, இப்போது பார் என்றார். மாதையன் வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளவில் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு அதே துணியில் வைத்துக் கொடுத்தார்.

"பிரேக்கு உட்டுதோ, உங்க காலு உட்டுதோ, ஒடஞ்சது என்னுதுங்க சார்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

இவர் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மனைவி உள்ளே பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்துகொள்ளலாமா என்று யோசித்தபோது இவர் பேசினார்.

"நான்தான் இடிச்சேன் மாதையா. இத்தன நாளா வண்டிக்காக வாதாடிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு உன்ன ஒரு தடவ வந்து பாக்கல. மன்னிச்சுக்கோ."

மாதையன் வேறு பக்கம் பார்த்தார். பிறகு, உங்களுக்குக் கால் விழுந்துபோச்சுன்னாங்களே, எப்படி நடக்கறீங்க என்று கேட்டார். பெரியாஸ்பத்திரியில் தனக்கும் பயிற்சி எழுதிக்கொடுத்தார்கள், பஸ்ஸில் ஏறமுடியாததால் போகவில்லை என்றார்.

இவர் நாற்காலியில் இருந்தபடியே வலது காலை நீட்டினார். குதிகாலைத் தரையில் வைத்து, மடக்கி, தூக்கி, பிடித்து, இறக்கினார். வலிக்கும், வலித்தாலும் விடக்கூடாது என்றார். மாதையன் கட்டிலில் இருந்தபடி செய்து பார்த்தார். பாதிகூட மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை செய்தார். அதற்குள் அவர் மனைவி டீ கொண்டுவந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போகும்போது கூட வருகிறாயா என்று இவர் கேட்டார். யார் ஓட்டுவார்கள் என்று மாதையன் கேட்டார். மேடம் என்றார் இவர். அப்படியானால் வருகிறேன் என்றார் மாதையன். இவர் முகம் சுருங்கியது. ஆனால் தலையாட்டினார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சாவியை அவர் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. பாதி வழியில், நீ அப்பவே சொல்லியிருந்தாலும் வளையத்த தூக்கிட்டு ஊருக்குக் காட்டத்தான் ஓடியிருப்பேன், மாதையன்கிட்ட போயிருக்க மாட்டேன் என்றார். எனக்காக அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே நினைத்தாரா, தெரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

முன்பு ஒருவர், இப்போது இரண்டு பேர். மாதையனை ஏற்ற, இறக்க, ஊன்றுகோலை மடக்கி வைக்க, அவருக்கு வளைவில் தலைசுற்றினால் நிறுத்த. வராந்தாவில் அதே பெஞ்சு. வீட்டுக்கு வந்து சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விளக்கைப் போடக்கூட எழவில்லை.

இவர் வந்து விளக்கைப் போட்டார். உப்புமா கிண்டித் தரவா என்று கேட்டார். அடிப்பிடித்துப்போனது. சாப்பிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

டாக்டரிடம் கேட்டுவிட்டாராம், மலை ரோட்டில் பகலில் ஓட்டலாமாம். மாதையனிடமும் கேட்டுவிட்டாராம். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, பின் சீட்டில் உட்காருவதானால் சரி என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

அப்போ நான் என்றேன். நீ வீட்ல இரு என்றார். கட்டளைபோல இருந்தது. பிறகு, இருக்கணும்னா இரு, எங்கயாவது போகணும்னா பஸ்ல போ, அது உன் இஷ்டம் என்று சேர்த்துக்கொண்டார். மற்ற நாளெல்லாம் சாவி முன்போல ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் சொன்னார்.

நவம்பர் 18, செவ்வாய்

எட்டு மணிக்குக் கிளம்பிப் போனார். நான் கேட்டை மூடிவிட்டு உள்ளே வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படி ஒரு காலை இருந்ததில்லை. பாத்திரம் கிடந்தது. துணி ஊறியது. கோயில் ரோட்டுக்கு நடந்து போகலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு எங்கேயும் போகவேண்டாம் என்று தோன்றியது. ஹாலில் பாயை விரித்து ஜன்னலுக்குக் கீழே படுத்தேன். இத்தனை வளைவுகள் இறங்கவேண்டுமே, மாதையனுக்குத் தலைசுற்றினால் நிறுத்துவாரா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதோடு தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சுவருக்குப் போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. தெருவின் கீழே எங்கள் கார் வரும் சத்தம் கேட்டது. டீக்கடை வளைவில் யாரோ குறுக்கே போயிருக்கவேண்டும், ஹாரன் அடித்தார். சத்தம் தேய்ந்தது. வண்டி நின்றது. பிறகு மறுபடி கிளம்பி, மாதையனை இறக்கிவிட அவர் வீட்டுப் பக்கமாகப் போனது.

நான் எழுந்திருக்கவில்லை. இவர் வீடு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.